மணல் எந்த வழியாகத் திரும்பும்?

"நீ இந்தக் கல்லைப் போட்டுட்டா, மணல் எந்த வழியா திரும்பி வரும்?"

பெரியவர் கேட்டது இவ்வளவுதான். மாலத்தீவில் ஒரு தீவுக்குத் துறைமுகம் கட்டும் வேலையை முடித்துவிட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை.

மனைவியின் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்தில் மாதக்கணக்கில் தங்கியவர் அவர். அங்கே பழகிய மலையாளத்தில்தான் என்னோடு பேசுவார். தீவின் மேற்குக் கரையில் அவருடைய 'ஜோலி' கிடக்கும், இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கயிறு பின்னிய இருக்கை. அதில் உட்கார்ந்தபடியே குனிந்து, ஈர மணலில் விரலால் தீவை வரைந்தார். ஹுல்ஹங்கு வந்தால், அதாவது தென்மேற்குப் பருவம், மேற்குக் கரை மணல் தெற்கு முனையைச் சுற்றிக் கிழக்கே போகும். இருவை வந்தால், அது வடகிழக்குப் பருவம், போன வழியே திரும்பும். தெற்கு முனையில் ஒரு சிப்பியை எடுத்து வைத்தார். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த துறைமுகம் அது.

"கவலைப்படாதீங்க. டிசைன்ல அதையெல்லாம் பாத்திருக்காங்க" என்றேன்.

பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆய்வறிக்கையை வரி விடாமல் படித்திருந்தேன். பிப்ரவரியில் பத்து நாள் அளந்திருந்தார்கள், இருவைப் பருவத்தில் மட்டும். மணல் நகர்வுக்கு இரண்டே பத்தி. அறிக்கைகூட வேண்டாம், நான் குமரிக் கடற்கரையில் பிறந்தவன். கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட ஊர் தப்பிக்கும், அடுத்த ஆனி ஆடிக்குப் பக்கத்து ஊரில் வீடு இடியும். சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்தது.

அதே நேரம், அந்தத் தீவுக்குத் துறைமுகம் இல்லாமல் முடியாது. ஒரு ராத்திரி, நிறைமாதப் பெண்ணைக் கதவுப் பலகையில் படுக்க வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேர் சுமந்து போனார்கள். பவளத் திட்டைத் தாண்டித் தோணி உள்ளே வராது. அலை ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அவள் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இதைப் பார்த்த பிறகு வேலையை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வருமா? தூத்துக்குடியிலிருந்து கல் ஏற்றிவந்த பார்ஜுக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. ஹுல்ஹங்குக்கு மூன்று வாரம்தான். நிறுத்தும் அதிகாரம் என்னிடம் இல்லை. ஆனால் ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கலாம். அதைக்கூட எழுதவில்லை.

அடுத்த வருடம் இருவை வந்தது, மணல் வரவில்லை. துறைமுகத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்த மணல் தானாக ஏறி வராது. மேற்குக் கரையில் பன்னிரண்டு அடி போயிருந்தது. தென்னைகள் வேர்க்கற்றை வெளியே தெரிய, கடலைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. காரணம் கேட்டு அலுவலகத்திலிருந்து எழுதினார்கள். "கடல் மட்ட உயர்வின் விளைவு" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன்.

அது பொய் என்று சொல்ல முடியாது. அந்த நாட்டு நிலத்தில் சுமார் 80 சதவீதம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. 1987ல் பேரலைகள் மாலே நகருக்குள் ஏறின, அதன் பிறகுதான் ஜப்பான் உதவியோடு அங்கே தடுப்புச் சுவர் எழும்பியது. 1998லும் 2016லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. அங்கே மணல் என்பதே பவளம்தான். அலை உடைத்துப் போடுவதும், கிளி மூக்குப் போல வாயுள்ள மீன்கள் கடித்து அரைத்துக் கழிப்பதும் சேர்ந்துதான் கரையாகிறது. பவளம் செத்தால் நாளைக்கு மணல் எங்கிருந்து வரும்?

ஆனாலும் கணக்கு இடிக்கிறது. 2006க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. அதை வைத்து ஒரே வருடத்தில் பன்னிரண்டு அடி கரை போனதற்குக் கணக்குச் சொல்ல முடியாது. கடல் உயர்கிறது என்பது சத்தியம். அந்தச் சத்தியத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

இந்த மாதிரித் தீவுகள் மணலை இடம் மாற்றி மாற்றித்தான் பிழைக்கின்றன. பெரிய அலை கரையேறி மணலை மேலே கொட்டினால்தான் தீவும் கொஞ்சம் உயரும். கடல் உயர உயர, அந்த நடமாட்டம் இன்னும் அதிகமாகத் தேவைப்படும். நாங்களோ அதைக் கல்லால் கட்டிப்போடுகிறோம். சரி, மனிதர்கள் குடியிருக்கும் தீவில் அலையை ஏற விடலாமா? வீடு போகும், கிணற்றில் உப்பு ஏறும், அந்தப் பெண்ணுக்குத் தோணியும் இல்லை. இதில் எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பருவமும் அளந்திருந்தால் துறைமுகத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று தோன்றும். தள்ளிப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்குமோ என்றும் தோன்றும்.

கிளம்புவதற்கு முன் அவரைப் பார்க்கப் போனேன். ஜோலியை இருபதடி உள்ளே, ஈரப்பலா மரத்தடிக்கு நகர்த்தியிருந்தார். நகர்ந்து எனக்கும் இடம் கொடுத்தார். ஊரில் மழை உண்டா, அம்மா சுகமா என்று விசாரித்தார். மணலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பருவம்தான் அளந்தோம் என்று நானாகச் சொல்லியிருக்கலாம். அம்மா சுகம் என்று மட்டும் சொன்னேன்.