சுருதி ஏறும் ஒலிநாடா: மாயூரத்து நாட்குறிப்பு

அக்டோபர் 19

சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் பெரியப்பா மகன், நான் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேசட்டை இன்று காலை கையில் கொடுத்தார். அட்டையில் பென்சிலால் ‘ஆர்.இ.எம்., ஏதென்ஸ், 82?, இரண்டாம் பிரதி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தக் கேள்விக்குறியை எழுதியவர் நேர்மையானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேடைப் பதிவுகளைக் கேசட்டுக்குக் கேசட் மாற்றிக்கொள்ளும் இந்தப் பண்டமாற்று உலகில் தெரியாத தேதியைத் தெரிந்ததுபோல் எழுதுபவர்களே அதிகம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரில் 1980இல் தொடங்கிய ஆர்.இ.எம். என்னும் இந்த ராக் இசைக்குழு, தன் முதல் ஒற்றை இசைத்தட்டை 1981இல் ஹிப்-டோன் என்னும் மிகச் சிறிய நிறுவனத்தின் வழியே வெளியிட்டது. முதலில் அச்சான 1,000 பிரதிகளில் அந்நிறுவனத்தின் முகவரியே இடம்பெறவில்லை என்பதால், இன்று அந்த விடுபாட்டைத் தேடித்தான் சேகரிப்பாளர்கள் விலை பேசுகிறார்கள். அத்தட்டு என்னிடம் இல்லை. அதற்குரிய பணம் இருந்தாலும் வாங்கமாட்டேன். அதே ஒலி மறுபதிப்புகளில் கிடைக்கும்போது, விடுபட்ட முகவரிக்காகச் செலவு செய்வது தபால்தலை சேர்ப்பவரின் ஆசையாக இருக்கலாம், பாட்டுக் கேட்பவனுடையது ஆகாது. மேடையில் ஓர் இரவு மட்டுமே நிகழ்ந்ததற்கு மறுபதிப்பு கிடையாது. அதனால்தான் அலமாரியில் இசைத்தட்டுகளைவிடக் கேசட்டுகளுக்கு நல்ல இடத்தைக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 20

ஐப்பசி அடைமழை. நாடாவின் சுற்றில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறது. இதை இப்படியே ஓட்டினால், நாடாவை உரசி ஒலியை வாசிக்கும் ஹெட்டில் பூஞ்சை ஒட்டி, அடுத்து வரும் கேசட்டுகளுக்கும் பரவும். திருகாணிகளைக் கழற்றி, நாடாவைப் புதிய கூட்டுக்கு மாற்றினேன். அழுத்தும் பஞ்சுப் பட்டை உதிர்ந்திருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் சில நாள் உலரட்டும்.

அக்டோபர் 27

இன்று கணினிக்கு ஏற்றினேன். முதலில் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியிருந்தது. பதிவுசெய்த கருவியின் ஹெட் சாய்ந்திருந்த கோணத்துக்கு நம் ஹெட்டும் சாயாவிட்டால் உச்ச ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். நாடாவின் அகலமே 3.81 மி.மீ. தான் என்னும்போது மயிரிழைச் சாய்வுகூடக் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. ஹெட்டின் பக்கத்துத் திருகை மிக மெல்லத் திருப்பிக்கொண்டே சிம்பல் ஓசையைக் கவனித்தேன். ஓர் இடத்தில் அது பளிச்சென்று திறந்துகொண்டது. 24 பிட், 96 கிலோ ஹெர்ட்ஸ் அளவில், எந்தத் திருத்தமும் செய்யாமல் இரண்டு பக்கங்களையும் பதிந்து வைத்தேன். நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானையும் தொடவில்லை.

கூட்டத்தின் நடுவிலிருந்து யாரோ பிடித்த பதிவு இது. பாடகரின் சொற்கள் பாதி விளங்கவில்லை; ஆனால் அந்தக் காலத்தில் அவர் ஸ்டுடியோவிலேயே விளங்காதபடிதான் பாடினார் என்பதால் அதில் எனக்குக் குறையில்லை. கிட்டார் மணிமணியாகக் கேட்கிறது.

நவம்பர் 3

கூறைநாட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர், ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக் கோயில் உற்சவங்களில் நாகஸ்வரக் கச்சேரிகளைப் பேட்டரி டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்தவர். அவரிடம் இருக்கும் நாடாக்களைக் கணினிக்கு ஏற்றித் தரும் வேலையை நான் செய்கிறேன். பதிலுக்கு அவர் கொடுக்கும் டிகிரி காபியும் பழைய கதைகளும் எனக்கு மேலதிகமாகவே இருக்கின்றன. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரியவருக்குக் கோபமும் சேர்ந்தே வரும். இரவெல்லாம் வீதியில் வாசித்தவரை, பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இடம் கொடுக்காத, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் அடைத்துவிட்டு, அதையே பிள்ளையின் தோடி ராகம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறதே என்பது அவருடைய நிரந்தர வழக்கு. ஸ்டுடியோ ஆல்பத்தையும் மேடைப் பதிவையும் குறித்து என் வயதுக்காரர்கள் இரவெல்லாம் வாதிடுவதும் இதே வழக்குத்தான்.

இன்று அவருக்கு ஆர்.இ.எம். பதிவைப் போட்டுக் காட்டினேன். முகம் சுளிக்காமல் கேட்டார். முதல் பக்கம் முடிந்ததும் தலையை அசைத்தார்.

“நிப்பாட்டு தம்பி. ஆரம்பத்துல அந்தத் தந்தி நின்ன இடம் வேற, இப்ப நிக்கிற இடம் வேற. சுருதி ஏறிக்கிட்டே போகுது.”

“அவங்க நடுவுல சுருதி மாத்தியிருக்கலாம் ஐயா.”

“மாத்தினா ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல மாறும். இது பாட்டுக்குள்ளயே ஏறுது. பேட்டரி கட்டை இறங்கிப்போயிருக்கு. சாமி புறப்பாட்டுல எனக்கு எத்தனை நாடா இப்படி வீணாச்சு தெரியுமா?”

பதியும்போது மின்கலம் தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். அதைச் சரியான வேகத்தில் திருப்பிப் போடும்போது பாட்டு விரைந்து சுருதியும் ஏறும். ராக் இசையை அவர் கேட்டவரே அல்லர். நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்தும் சுருதிப்பெட்டியும் பழக்கிய காதுக்கு இது எந்த நாட்டுப் பாட்டு என்பது பொருட்டாகவில்லை.

நவம்பர் 5

அவர் சொன்னதைக் கருவியால் சோதித்துப் பார்த்துவிட்டேன். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை அலைவது; அதில் ஓடும் கருவிகளின் முனகலும் அந்தக் கணக்கிலேயே கேட்கும். மேடையில் இருந்த ஆம்ப்ளிஃபயர்களின் முனகல் பாட்டுகளுக்கு இடையிலான மௌனங்களில் பதிந்திருக்கிறது. ஒலியின் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் அலைவரிசைப் படத்தில் அந்த முனகலின் கோடு தொடக்கத்தில் 60.6இல் நின்று, முதல் பக்கத்தின் முடிவில் 61.8க்கு ஏறியிருக்கிறது. அதாவது வேகம் ஒரு விழுக்காட்டில் தொடங்கி மூன்று விழுக்காடு வரை கூடியிருக்கிறது. மூன்று விழுக்காடு என்பது சுருதிக் கணக்கில் ஏறக்குறையக் கால் கட்டை. 50 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும் இன்னொரு மெல்லிய கோடு மாயூரத்து மின்சாரம், கேசட்டை ஓட்டும் என் டெக்கில் புகுந்தது. அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. மிக மங்கலாக, 60இலேயே அசையாது நிற்கும் மூன்றாவது கோடும் உண்டு. பிரதி எடுத்தவரின் கருவி அமெரிக்காவிலேயே, சுவர் மின்சாரத்தில், ஒழுங்கான வேகத்தில் ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே பிழை முதற் பதிவுக்கு உரியது. பிரதி எடுத்தவர்மேல் பழியில்லை.

கிட்டாரின் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு திருத்துபவர்கள் உண்டு. குழுக்கள் தந்தியைத் தளர்த்திக் கட்டுவதும் வழக்கம் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மின் முனகலுக்குக் கலை உரிமை ஏதும் கிடையாது. அதைக்கொண்டு திருத்துவதே முறை.

நவம்பர் 15

நாளை கடைமுகம், ஐப்பசிக் கடைசி நாளின் காவிரி நீராடல். துலாக்கட்டத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து குவிவதால் தெருவில் ஒலிபெருக்கி ஓயவில்லை. தலையில் மாட்டும் ஹெட்ஃபோனை நம்பித்தான் வேலையை முடித்தேன். ஒரே அளவாக வேகத்தைக் குறைத்தால் தொடக்கம் தாழ்ந்துபோகும் என்பதால், கோடு ஏறிய வளைவையே பின்பற்றிச் சிறிது சிறிதாகக் குறைத்தேன். மேளக்காரரின் நடை இப்போது பக்கம் முழுவதும் ஒரே நிதானத்தில் இருக்கிறது. இரண்டாம் பக்கம் புது மின்கலத்தில் பதிந்தது போலும். அங்கே திருத்த எதுவும் இல்லை.

தேதிதான் பிடிபடவில்லை. 1983இல் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டுகள் சில இதில் இருக்கின்றன. ஆனால் இசைத்தட்டாக வருவதற்கு வெகுமுன்பே பாட்டுகளை மேடையில் பாடிப் பழகுவது அவர்கள் வழக்கமாக இருந்ததால், அதைவைத்து 82 என்றோ 83 என்றோ முடிவு கட்ட இயலாது. கேள்விக்குறியை அப்படியே விட்டுவிட்டேன். குறிப்புக் கோப்பில் பிரதியின் வழி, டெக், ஹெட் திருத்தம், முனகல் கோட்டின் அளவுகள் ஆகியவற்றை எழுதி, திருத்தாத பதிவையும் திருத்தியதையும், ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பு வடிவில் ஒரே உறையில் வைத்தேன். திருத்தியதை மட்டும் அனுப்புபவரிடமிருந்து நான் எதையும் வாங்குவதில்லை. விலைக்குக் கொடுப்பதில்லை என்ற நிபந்தனையோடு பெரியப்பா மகனிடம் ஒரு பிரதி போகிறது. பெரியவரின் புறப்பாட்டு நாடாக்களில் நம் 50 ஹெர்ட்ஸ் கோடு இருக்குமா என்று பார்க்க, அடுத்த வாரம் முதல் பெட்டியைக் கேட்டிருக்கிறேன். அந்நாளில் இங்கே மின்சாரமே 50க்குக் கீழே தொய்ந்து ஓடியதுண்டு. ஆகையால் அங்கே கோட்டைவிட ஒத்தின் சுருதியைத்தான் அளவாகக் கொள்ள வேண்டியிருக்கும்.