ஒரு சாய்கோடு தின்ற நான்கு மாதம்: மிளகாய்த்தூள் ஆலைக்குத் தாள் எடுத்த அனுபவம்

செத்தல் மிளகாய், மல்லி அரைக்கும் சிறு ஆலை ஒன்றைக் கொழும்பின் வடக்கு ஓரத்தில் தொடங்குவதற்கான தாள்கள் ஒருவழியாகச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. ஆறு வாரம் என்று போட்ட கணக்கு ஏழு மாதமாயிற்று. அதில் நான்கு மாதத்தைத் தின்றது ஒரு சாய்கோடு.

குத்தகை ஒப்பந்தத்தில் இடத்தின் இலக்கம் 45/2. உள்ளூராட்சிச் சபையின் வரிமதிப்பு ஏட்டில் அதே இடம் 45பி. மின்கணக்கில் வெறும் 45. மூன்றும் ஒரே கட்டடம்தான் என்பது ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளைக்கும் தெரியும். கந்தோருக்குத் தெரியாது. வியாபாரப் பெயர்ப் பதிவு குத்தகைத் தாளைப் பார்த்துத்தான் நடக்கிறது. கிராம சேவகரும் அதையே உறுதிப்படுத்தினார், ஒரு வாரத்தில் சான்றிதழ் கையில். அந்த வேகத்தில் மயங்கி வங்கி நடைமுறைக் கணக்கு, வரி இலக்கம், ஊழியர் சேமலாப நிதியில் தொழில்தருநர் பதிவு, போதாததற்கு ஐயாயிரம் லேபல், எல்லாவற்றையும் 45/2 என்றே போட்டாயிற்று. பிறகுதான் சபையின் வர்த்தக அனுமதிப்பத்திர மேசையில் லிகிதர் ஏட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இந்த நம்பரில் எங்களிடம் இடமே இல்லை."

அவர் சொன்னதில் பிழை இல்லை. என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லாததுதான் பிழை. முதல் முறை ஒப்பந்தத்தைத் திருத்தி வரச் சொன்னார்கள். நொத்தாரிசுக்குக் காசு கட்டித் திருத்தினால், "வியாபாரப் பெயர்ச் சான்றிதழ் பழைய நம்பரில் இருக்கிறதே" என்றார்கள். அதைத் திருத்தப் போனால், இரண்டு இலக்கமும் ஒரே இடம்தான் என்று சபையிலிருந்து கடிதம் கேட்டார்கள். சபைக் கடிதத்துக்கு ஆதன உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் கனடாவில். இங்கே வாடகை வாங்குகிறவரிடம் அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) இருந்தது. ஆனால் அவர் கொண்டுவந்தது போட்டோ கொப்பி. கேட்டது பதிவு செய்யப்பட்டதன் உறுதிப்படுத்திய பிரதி. அந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று நடை.

இடம் பார்க்கும்போதே, முற்பணம் கொடுக்கும் முன், உரிமையாளரிடம் நான்கு தாள் வாங்கிவிடுங்கள்: கடைசி ஆதனவரிப் பற்றுச்சீட்டு, கடைசி மின்பட்டியல், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தின் பிரதி, உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவத்தின் உறுதிப்படுத்திய பிரதி. பற்றுச்சீட்டில் உள்ள இலக்கத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே குத்தகையில் போடச் சொல்லுங்கள். வீட்டுக் கதவில் எழுதியிருப்பது தபால்காரருக்கு மட்டும்தான். மற்ற எல்லாத் தாளும் வரிமதிப்பு ஏட்டின் பின்னால்தான் வரும்.

கட்டட வரைபடத்தையும் சும்மா வாங்கி வைக்காமல் பாருங்கள். அதில் "களஞ்சியம்" என்றிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். "வதிவிடம்" என்றிருந்தால் பாவனை மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம், நகர அபிவிருத்தி வலயம் இடம் கொடுக்கிறதா என்ற கேள்வி, இணக்கச் சான்றிதழ் என்று இன்னொரு பயணம். வீட்டின் பின்பக்கத்தில் தகரம் போட்டு மெஷினை இறக்கிவிட்டு அனுமதி கேட்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

அடுத்தது சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வருவது. சிறிய அரைக்கும் ஆலைக்கு உள்ளூராட்சிச் சபையே கொடுக்கும். உற்பத்தி அளவு கூடினால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குப் போக வேண்டும். எல்லை எந்த அளவு என்பதை நடப்பிலுள்ள வர்த்தமானியில் பார்த்துவிட்டே படிவத்தில் கை வையுங்கள். படிவத்தில் கேட்பது மாத உற்பத்தி. மெஷின் விற்றவர் தந்த துண்டுப் பிரசுரத்திலோ "மணிக்கு 100 கிலோ" என்றிருந்தது, அதையும் இணைத்திருந்தோம். மேசையில் இருந்தவர் அதை எட்டு மணித்தியாலத்தாலும் இருபத்தைந்து நாளாலும் பெருக்கி, 20,000 கிலோ என்று எழுதிக் கோப்பை வேறு பக்கம் அனுப்பிவிட்டார். உண்மையில் அந்த மெஷின் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் ஓடினாலே பெரிய காரியம். மிச்ச நேரம் காம்பு கிள்ளல், காயவைத்தல், பொதியிடல். கோப்பு திரும்பி வர ஐந்து வாரம். ஆகவே துண்டுப் பிரசுரத்தை இணைக்காதீர்கள். ஒரு தொகுதி மிளகாய்க்கு எத்தனை மணித்தியாலம், மாதத்தில் எத்தனை தொகுதி என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையொப்பமிட்டு இணையுங்கள். உண்மையான கணக்கையே எழுதுங்கள், பிறகு பரிசோதனைக்கு வருகிறவர் சாக்கை எண்ணுவார்.

சத்தம் தனிப் பிரச்சினை. 1996ஆம் ஆண்டுச் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிப்படி மாநகர, நகர சபை எல்லைக்குள் காலை 6 முதல் மாலை 6 வரை 63 டெசிபல், அதன் பிறகு 50. பிரதேச சபைப் பகுதியில் இன்னும் குறைவு: பகலில் 55, இரவில் 45. அளப்பது ஆதனத்தின் எல்லையில். சுத்தியல் வகை அரைவை மெஷின் பக்கத்தில் நின்று பேசினால் காதில் விழாது, அவ்வளவு சத்தம். கதவை மூடினால் போதும் என்று நினைத்தது வீண். மெஷினின் காலுக்கடியில் கனமான ரப்பர் தட்டு, மோட்டார் அடித்தளத்தைச் சுவரிலிருந்து பிரித்துத் தனிக் கொங்கிரீட், அடுத்த வீட்டுப் பக்கம் காற்று இடைவெளி விட்டு இரட்டைச் செங்கல் சுவர். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் எண் இறங்கியது. இரவில் இடியப்ப மா அரைத்துக் காலையில் கடைக்குப் போடலாம் என்று கனவு காண்பவர்கள் அந்த 50ஐ ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

தூசி இன்னும் மோசம். மிளகாய்த் தூசி அடுத்த வீட்டுக் கொடியில் காயும் துணியில் படிந்தால் எந்த உரிமமும் காப்பாற்றாது. மெஷினோடு வரும் துணிப்பை மட்டும் போதாது. சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்புக் கலன்) ஒன்று, அதன் வெளிவாயில் துணி வடிகட்டி, அதைத் தினமும் உதற மூடிய பெட்டி. வடிகட்டி அடைத்தால் உள்ளே அமுக்கம் ஏறி, தூள் மெஷின் மூடியின் விளிம்பால் பீறிடும். பலர் மூடியைக் குறை சொல்லி வாசரை மாற்றுவார்கள். மாற்ற வேண்டியது வடிகட்டித் துணி. ஈரம் மிஞ்சிய மிளகாயும் இதையே செய்யும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் சாக்கு ஈரத்தை உறிஞ்சும்; கையில் பிடித்து நொறுக்கினால் சட்டென்று உடையாத மிளகாயைப் போட்டால் சல்லடை பசை போல அடைத்துவிடும். அரைத்த தூள் சூடாக இருக்கும்போது பொதியிட்டால் பைக்குள் வியர்த்துக் கட்டியாகும், பிறகு பூஞ்சணம். ஒரு இரவு ஆறவிடுங்கள்.

மின்சாரம் வெறும் காசு விடயம் என்று நினைத்திருந்தோம். பத்து எச்.பி. மோட்டார் ஓடும்போது 15 அம்பியர் அளவில்தான் இழுக்கும். ஆனால் நேரடியாகத் தொடக்கினால் முதல் சில விநாடி அதன் ஆறேழு மடங்கு, 90 முதல் 105 அம்பியர் வரை. 30 அம்பியர் த்ரீ பேஸ் இணைப்பில் பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டு 60 அம்பியர் இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். இணைப்புச் செலவு பல மடங்கு. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் தொடக்க மின்னோட்டம் மூன்றிலொன்றாகும். 30 அம்பியரே போதும், மெஷினை வெறுமையாகத் தொடக்கிவிட்டுப் பிறகு மிளகாயைப் போடும் பழக்கம் இருந்தால்.

இங்கே இன்னொரு வளையம். கைத்தொழில் கட்டணத்தில் இணைப்புக் கேட்டால் அனுமதிப்பத்திரம் காட்டச் சொன்னார்கள். அனுமதிப்பத்திரத்துக்குச் சுற்றாடல் உரிமம் வேண்டும். உரிமத்துக்குச் சத்தம் அளக்க மெஷின் ஓட வேண்டும். ஓட மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் அதன் சத்தமும் சேர்ந்து அளவாகும். வெட்டிய வழி: முதலில் பொதுத் தேவைக் கட்டணத்தில் இணைப்பு எடுத்து, உரிமம் வந்த பின் கைத்தொழிலுக்கு மாற்ற விண்ணப்பிப்பது. மாறும்வரை கூடுதலாகக் கட்ட வேண்டும்தான். காத்திருக்கும் மாத வாடகையோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துபோனது ஒரு மணித்தியாலம். கழிப்பறைக் கதவு உற்பத்தி அறைக்குள் திறக்கக்கூடாது, யன்னலுக்கு வலை, மின்குமிழுக்கு உறை, சாக்கு நிலத்தில் படாமல் பலகை, வேலையாட்களின் மருத்துவச் சான்று. இவை இருந்தால் பிரச்சினையே இல்லை.

தராசில் கவனம். 30 கிலோ தராசு 5 கிராம் படியில் காட்டும்; அதில் 50 கிராம் பொதி நிறுத்தால் பத்து சதவீதம் வரை பிழை வரலாம். பொதிக்கு 1 கிராம் அல்லது அதிலும் நுணுக்கமான படி உள்ள சிறு தராசு தனியாக வாங்கி, அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் வருடாந்த முத்திரையும் குத்திக்கொள்ளுங்கள். லேபலில் பொருளின் பெயர், உள்ளடக்கம், நிகர நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உச்ச சில்லறை விலை, தயாரிப்பவர் பெயர் முகவரி எல்லாம் வேண்டும். மூன்று மொழியிலும் போட்டுவிட்டால் பிறகு வாதம் இல்லை. முகவரி உறுதியாகும்வரை பை அச்சடிக்க வேண்டாம். எங்கள் ஐயாயிரம் லேபலும் இப்போது ஸ்டோரில் சாக்குகளுக்கு அடையாளம் ஒட்டப் பயன்படுகின்றன.

சபையில் கேட்ட அந்தக் கடிதத்தின் கதைக்கு வருவோம். சாய்கோட்டுக் கடிதத்துக்கான விண்ணப்பம் கொடுத்து ஏழு வாரம். "ஃபீல்டுக்குப் போயிருக்கிறார்", "பொதுசன நாளில் வாருங்கள்", "சேர் லீவு". கடைசியில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்க விண்ணப்பம், தமிழிலேயே: கோப்பு இன்ன திகதியில் பெறப்பட்டது, இப்போது யாருடைய மேசையில், எந்தப் பதவி, எத்தனை நாளாக? பதினான்கு வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது, தகவலுக்காக அல்ல, "கடிதம் ரெடி, வந்து எடுங்கள்" என்று. சண்டை பிடித்த நாட்களில் கிடைக்காதது அது. ஆனால் அந்த விண்ணப்பம் வேலை செய்ததற்குக் காரணம், முதல் விண்ணப்பத்தின் எங்கள் பிரதியில் திகதி முத்திரை இருந்தது. எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

காசுக்கு வந்தால், வங்கி கேட்டது மூன்று வருடக் கணக்கு, கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கை, காணி உறுதி. தொடங்கும் தொழிலுக்கு மூன்று வருடக் கணக்கு எங்கிருந்து வரும்? வீட்டு உறுதியை வைப்பதற்கு முன் 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு வழி தரும் 'பராட்டே' அதில்தான் இருக்கிறது. மெஷினை லீசிங்கில் எடுத்தால் மெஷினே பிணை. வட்டி கூட, ஆனால் வீடு தப்பும்.

மெஷினை விட மிளகாய்க்குத்தான் அதிகக் காசு. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு மொத்தக் கடைகளில் செத்தல் கைக்காசுக்குத்தான். அரைத்துப் பொதியிட ஒரு வாரம், கடைக்காரர் எடுப்பது 45 நாள் கடனில், தருவது இன்னும் 30 நாள் தள்ளிப் போட்ட காசோலை. மொத்தம் 82 நாள். மாதமொரு முறை மிளகாய் வாங்கினால் முதல் ரூபா திரும்புவதற்குள் மூன்று கொள்முதல் வெளியே நிற்கும். தொடங்குபவர்கள் ஒரு கொள்முதலுக்குத்தான் காசு வைத்திருப்பார்கள். செத்தல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவதால் டொலரும் கூடவே ஆடும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, கடனில் தூள் கொடுத்திருந்த ஆலைகள் வந்த காசில் பாதி மிளகாய்தான் வாங்க முடிந்தது. மோட்டாரிலும் பொதிப் படலத்திலும் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) கட்டுகிறோம். பதிவு எல்லைக்குக் கீழே இருப்பதால் திரும்பக் கோர முடியாது, பெரிய கம்பனி கோரிக்கொள்ளும். முதல் வேலையாளிலிருந்தே அவர் சம்பளத்தில் சேமலாப நிதிக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் நம் கையிலிருந்து, சேமலாப நிதிக்கு இன்னும் 8 அவர் சம்பளத்திலிருந்து. இதைப் பின்தள்ளாதீர்கள், மேலதிகக் கட்டணம் ஏறும்.

சிறிய, நடுத்தர முயற்சிகள் நாட்டின் வேலைவாய்ப்பில் 45 சதவீதம், உற்பத்தியில் 52 சதவீதம் என்று 2016 தேசியக் கொள்கைச் சட்டகம் பெருமையாகச் சொல்கிறது. நல்லது. அந்த 52 சதவீதத்துக்கு எங்கே போய் எந்த வரிசையில் தாள் எடுப்பது என்று ஒரு பக்கத்தில் அச்சடித்து வாசலில் ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது. மொறட்டுவை கட்டுபெத்தையில் உள்ள கைத்தொழில் அபிவிருத்திச் சபையில் ஆரம்பத்திலேயே ஒரு நாள் செலவழித்திருக்க வேண்டும். போனது ஐந்தாவது மாதத்தில்.

வர்த்தக அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31 வரைதான். கையில் கிடைத்தது ஒக்டோபரில். புதுப்பிப்பு விண்ணப்பம் இப்போதே நிரப்பி வைத்தாயிற்று, 45பி என்று. மின்பட்டியல் மட்டும் இன்னும் வெறும் 45க்குத்தான் வருகிறது. திருத்தக் கடிதம் கொடுத்திருக்கிறோம். எங்கள் பிரதியில் முத்திரை இருக்கிறது.