இடுப்பில் ஒன்றேகால் கிலோ

காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு, படுக்கையறை அலமாரியில் இருக்கும் எண்பூட்டுப் பெட்டியைத் திறப்பேன். ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து, தோட்டா நிற்கும் ஆறு அறைகளையும் ஒருமுறை பார்த்து மூடி, தோல் உறைக்குள் வைத்து, உறையோடு வலது இடுப்பில் மாட்டி, பெல்ட்டை இறுக்குவேன். தோட்டா, உறை எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். அப்பா விருதுநகரில் மளிகைக்கடை வைத்திருந்தார். ஒரு கிலோ எடைக்கல்லைத் தூக்கித் தூக்கி வளர்ந்த கை இது. அதனால் அந்த எடையைத் தராசு இல்லாமலே சொல்லிவிடுவேன்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனிலிருந்து தென்மேற்கே, ரோசன்பர்க் பக்கம் 59-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெட்ரோல் பங்க் கடையில் வேலை பார்க்கிறேன். பீர், சிகரெட், லாட்டரி, காபி. பெரும்பாலும் தனியாள்தான். காலை பத்து மணிக்கு முந்தைய நாள் பணத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவதும் என் வேலை. இதற்கு முன் இருந்த கடையில், நான் விடுப்பில் இருந்த ஒரு இரவு, உடன் வேலை பார்த்த பெரியவரைக் கல்லாப் பணத்துக்காக அடித்துப் போட்டுவிட்டார்கள். பணத்தைக் கொடுத்த பிறகும் அடித்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்தவர், கதவு மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டார். ஆயுதம் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான்.

எச்1பி விசாவில் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதைச் சில விலக்குகள் தவிர மத்தியச் சட்டம் தடுக்கிறது. எனக்கு மனைவி வழியாகக் கிரீன் கார்டு வந்திருந்தது. 2017-ல், கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச்செல்ல டெக்சஸ் தரும் லைசென்ஸுக்கான வகுப்புக்குப் போனேன். சுடும் தேர்வில் ஐம்பது தோட்டா. 3, 7, 15 கெஜ தூரத்திலிருந்து சுட்டு, 250-க்கு 175 மதிப்பெண் எடுக்க வேண்டும். இப்போதைய முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதியும் வாங்கினேன். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகள் பலவற்றில் ஊழியர்களுக்கு இந்த அனுமதி கிடையாது.

என்ன வாங்குவது என்று கேட்டால் கடைக்காரர்கள் முதலில் கையில் கொடுப்பது சின்னதைத்தான். எனக்குக் கொடுத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் 642 ரிவால்வர். ஐந்து தோட்டா, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், சுமார் 410 கிராம். கால்சட்டைப் பைக்குள் போய்விடும். இருப்பதே தெரியாது என்றார்கள். சரி, இதுதான் நமக்கு என்று வாங்கிவிட்டேன்.

சுடும் திடலில்தான் விஷயம் புரிந்தது. அந்தத் துப்பாக்கியின் எடை ஒரு பவுண்டுக்கும் குறைவு. அதன் விசையை இழுக்க வேண்டிய பலம் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். இழுக்கும்போதே துப்பாக்கி முழுதும் கையில் திரும்பும். குழல் குட்டையாக இருப்பதால், குறிபார்க்க உதவும் முன் முனைக்கும் பின் முனைக்கும் இடைவெளி குறைவு. கை நூலிழை அசைந்தாலும் இலக்குக் காகிதத்தில் அது பெரிதாகத் தெரியும். அப்புறம் உதை. கனமான துப்பாக்கி உதையில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். இலேசானது மொத்தத்தையும் உள்ளங்கையில் இறக்கிவிடும். இருபது தோட்டா முடிந்தபோது கட்டைவிரல் அடி சிவந்திருந்தது. ஏழு கெஜத்தில் நான் சுட்டவற்றில் சில, மனித உருவம் அச்சிட்ட காகிதத்தையே தொடவில்லை. அவை எங்கே போயின? திடலில் பின்னால் மண்மேடு இருந்தது. என் கடையில் கல்லாவுக்கு எதிரே கண்ணாடிக் கதவு. அதற்கு அப்பால் பெட்ரோல் போட நிற்கும் கார்கள், பல நேரம் பின் இருக்கையில் குழந்தைகள். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுவாரம் பயிற்சியாளர் தன்னுடைய 686-ஐக் கொடுத்தார். அதே கம்பெனி, நாலு அங்குலக் குழல், முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு, தோட்டா இல்லாமலே சுமார் 1.1 கிலோ. .357 மேக்னம் என்ற பலமான தோட்டாவுக்கான ரிவால்வர் என்றாலும், அதில் .38 ஸ்பெஷல் என்ற பலம் குறைந்த பழைய தோட்டாவையும் போடலாம். மேக்னம் 1935-ல் வந்தபோதே தோட்டாக் கூட்டைச் சற்று நீளமாகச் செய்துவிட்டார்கள். பழைய .38 ரிவால்வரில் அது நுழையாது, ஆனால் .38 இதில் தாராளமாக நுழையும். பயிற்சிக்கு .38 போட்டுச் சுட்டேன். அந்தக் கனமான இரும்பு மெல்லத் தள்ளியது, அவ்வளவுதான். பதினைந்து கெஜத்தில் சுட்ட பத்தும் நெஞ்சுப் பகுதியில் விழுந்தன. அதற்கு முன்பும் அதே கைதான், அதே கண்தான்.

இதற்கு எதிரான வாதங்கள் எல்லாம் எனக்குத் தெரியும், அவற்றில் நியாயமும் இருக்கிறது. கிளாக் 19 என்ற அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி பதினைந்து தோட்டா கொள்ளும், இந்த ரிவால்வரில் ஆறுதான். நிரப்பினாலும் அது இதைவிட இலேசு, மெலிதும் கூட. அமெரிக்கப் போலீஸ்காரர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரிவால்வரை விட்டு அரைத் தானியங்கிகளுக்குப் போனது காரணமில்லாமல் அல்ல. நான் கிளாக்கையும் சுட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் சிலிண்டரைத் திறந்தால் ஆறும் கண்முன்னே தெரிகிற அந்தத் தெளிவு எனக்கு வேண்டியிருந்தது. ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வரும். பதினாலு மணி நேரம் விழித்திருந்த மூளைக்கு அது போதும் என்று பட்டது. சின்னதை விற்றுவிட்டு 686 வாங்கினேன்.

"என்னங்க, இதைக் கட்டிக்கிட்டு எப்படிப் பன்னிரண்டு மணி நேரம் நிப்பீங்க?" என்றாள் மனைவி. முதல் வாரம் அவள் கேட்டதுதான் சரி என்று தோன்றியது. சாதாரண பெல்ட் தொங்கிப்போய் பேண்ட்டை இழுத்தது. இரட்டைத் தோலில் தைத்த ஒன்றரை அங்குல பெல்ட் வாங்கிய பிறகுதான் எடை இடுப்பு முழுவதும் பரவியது. சட்டை ஒரு அளவு பெரிதாக எடுத்து, வெளியே விட்டுப் போடுகிறேன். மேல் தட்டில் சிகரெட் எடுக்கக் கை தூக்கினால் சட்டை ஏறும். அதனால் சின்ன ஏணிப்படி ஒன்றைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கீழே இருப்பதை எடுக்கக் குனிய மாட்டேன், முழங்காலை மடக்கி உட்காருவேன். குளிர்ப்பெட்டி அறையில் பீர்ப் பெட்டிகளை இடது பக்கமாகத் தூக்கப் பழகிவிட்டேன். ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் புழுக்கத்தில் உறைக்குள் வேர்வை ஊறும். ஞாயிற்றுக்கிழமை துடைத்து எண்ணெய் போட வேண்டும். வலது இடுப்பு எலும்பில் ஒரு தழும்பு மாதிரி காய்த்துவிட்டது.

இப்படி எடையைச் சுமப்பதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அந்தச் சின்னது பையில் இருந்தபோது அதை மறந்தே போயிருக்கிறேன். இதை ஒரு நிமிடம்கூட மறக்க முடியவில்லை. முன்பெல்லாம் மாற்றுச் சில்லறைக்குச் சண்டை போடும் ஆளிடம் நானும் குரல் உயர்த்துவேன். இப்போது நாலு டாலர் போனால் போகட்டும் என்று கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

2019-ல் ஒரு இரவு, பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் இரண்டு பீர்ப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பழைய கடையில் இதே போல ஓடியவனைக் கார் நிறுத்துமிடம் வரை துரத்திச் சட்டையைப் பிடித்திருக்கிறேன். அன்று கால் எடுத்து வைத்தவன் கதவருகே நின்றுவிட்டேன். இடுப்பில் இருந்ததுதான் நிறுத்தியது. நாங்கள் இருவரும் கட்டிப் புரண்டால் நடுவில் ஒரு துப்பாக்கி இருக்கும், அது என்னுடையதாக இருக்கும். இரவு நேரத் திருட்டைத் தடுக்கக்கூடச் சில நிலைகளில் உயிர்போக்கும் பலத்தை டெக்சஸ் சட்டம் அனுமதிக்கிறது. அதைக் கல்லா முன் நின்று பெருமையாகச் சொல்லும் வாடிக்கையாளர்களும் உண்டு. நாற்பது டாலர் பீருக்காக ஒரு பிள்ளையின் முதுகில் சுடலாம் என்று சொல்வதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கார் எண்ணைக் குறித்துப் போலீஸுக்குச் சொன்னேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அதைக் கடையில் உருவியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது. மகள் அப்புறம்தான் ஓடி வந்து கட்டிக்கொள்வாள். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாட்களில் பெட்டியைத் திறப்பதே இல்லை.

2021 செப்டம்பர் முதல் டெக்சஸில் பெரும்பாலானோருக்கு லைசென்ஸ்கூடத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. அந்த மாதமே, இரவுப் பணிக்கு வந்த இருபத்திரண்டு வயதுத் தம்பி, "அண்ணே, பையில வைக்கிற மாதிரி இலேசா ஒண்ணு சொல்லுங்க" என்றான். பதில் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை திடலுக்குக் கூட்டிப்போனேன். வாடகைக்குச் சின்னது ஒன்று எடுத்து ஐந்து தோட்டா சுடச் சொன்னேன். பிறகு என்னுடையதைக் கொடுத்தேன். முடிந்ததும் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் காகிதத்தில் மூன்று ஓட்டைகள்தான் இருந்தன. "மீதி ரெண்டு எங்கண்ணே?" என்று கேட்டான். மண்மேட்டைக் காட்டினேன். அவன் இன்னும் எதையும் வாங்கவில்லை. மாதம் ஒருமுறை என்னோடு திடலுக்கு வருகிறான்.