நாலாம் கட்டிலுக்கு அது எப்படி வந்தது

புரட்டாசிக் கடைசியில் ஒரு ராத்திரி. நெல் கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல்லுக்குக் காவலாகத் தார்ப்பாயில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. விடியற்காலை எங்கள் ஐ.சி.யு.வுக்கு வந்து சேர்ந்தபோது அவரால் இமையைத் தூக்க முடியவில்லை, மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. விஷமுறிவு மருந்து ஏற்றி, நாலாம் கட்டிலில் வென்டிலேட்டரில் போட்டோம். இந்தக் கடியில் சில நாள் மூச்சைத் தாங்கிப் பிடித்துவிட்டால் ஆள் பெரும்பாலும் எழுந்துவிடுவார். நுரையீரலில் ஒரு குறையும் இல்லாத உழைப்பாளி. ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. சளியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் அசினட்டோபாக்டர் என்ற கிருமி. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வரை எல்லா மருந்துக்கும் நேராக ‘ஆர்’, அதாவது கிருமி அதற்கு அடங்காது என்று போட்டிருந்தது. கொலிஸ்டின் என்ற மருந்து மட்டும்தான் மிச்சம்.

அது வயலிலிருந்து வந்த கிருமி இல்லை. மூன்றாம் கட்டிலில், வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றிக் கொண்டுவந்த பெரியவருக்கு முந்தின வாரமே இதே ரிப்போர்ட். அடுத்த சில நாளில் ஆறாம் கட்டில் அம்மாவுக்கும் வந்தது. மூன்று கட்டிலுக்கும் நடுவில் போய்வந்தது நாங்கள்தான். எட்டுக் கட்டில் உள்ள அந்த ஐ.சி.யு.வுக்கு நான் இன்சார்ஜ் நர்ஸ். இதை எழுதும்போது இன்னமும் மனசு கனக்கிறது.

மறுநாள் ஒரு மணி நேரம் வேறு வேலை எதுவும் செய்யாமல், யார் எதைத் தொட்டுவிட்டு எதைத் தொடுகிறார்கள் என்று மட்டும் பார்த்துக் குறித்தேன். பெயர் எழுதவில்லை. மூன்றாம் கட்டிலில் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் போட்ட கை, அதே கிளவுஸோடு அலாரத்தை நிறுத்தியது, பேனாவை எடுத்தது, நாலாம் கட்டில் சார்ட்டைப் புரட்டியது. அந்தப் பெண் சோம்பேறி இல்லை. ராத்திரியில் எட்டுப் பேருக்கு இரண்டு நர்ஸ் என்று வைத்துவிட்டுக் கை கழுவவில்லை என்று திட்டுவது நியாயமே இல்லை. கிளவுஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில்தான் அவ்வளவும் நடந்தது.

அப்புறம் மானிட்டரின் ஈ.சி.ஜி. ஒயரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிளாஸ்திரிப் பசை காய்ந்து கறுத்து, அதில் பஞ்சு நூலும் தோல் செதிலும் ஒட்டியிருந்தன. தினமும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தப் பசைக்கு அடியில் ஸ்பிரிட் எங்கே போகும்? அசினட்டோபாக்டர் காய்ந்த இடத்திலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலில், மெரோபெனம் வகைக்கு அடங்காத இந்தக் கிருமியை மிக அவசரமான வரிசையில் வைத்தது சும்மா இல்லை.

மூன்று பேரையும் ஐ.சி.யு.வின் ஒரு கோடிக்கு மாற்றினோம். அவர்களுக்கென்று தனி நர்ஸ், தனி பி.பி. கஃப், தனி ஸ்டெதாஸ்கோப், கிட்டே போகக் கவுன். திரைச்சீலைகளைக் கழற்றினோம். ஒயர்களை முதலில் சோப்பு நீரில் தேய்த்துப் பசையை எடுத்து, அதற்கப்புறம்தான் கிருமிநாசினி. கைகழுவும் தொட்டி ஒரு மூலையில் இருந்தது. அவசரத்தில் அவ்வளவு தூரம் யாரும் போகமாட்டார்கள் என்று ஒவ்வொரு கட்டில் கால்மாட்டிலும், தண்ணீர் இல்லாமல் கையில் தேய்க்கும் கிருமிநாசினியான ஹேண்ட் ரப் தொங்கவிட்டோம். இருபது முப்பது விநாடி, விரல் நுனியும் கட்டைவிரலும் விடாமல் தேய்க்க வேண்டும்.

இதெல்லாம்கூடச் சுலபம். ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம் “சார், ஹேண்ட் ரப்” என்று சொல்வதுதான் கஷ்டம். முதல் நாள் என் தொண்டையே அடைத்தது. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், கையை நீட்டினார். அன்றைக்குப் பிறகு சின்னப் பெண்களுக்கும் வாய் திறந்தது.

நாலாம் கட்டில்காரரின் மனைவி வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து திருச்சாந்துருண்டை வாங்கி வந்திருந்தார். “வாயில கொஞ்சம் வச்சிடறேன் சிஸ்டர்” என்று அழுதார். குழாய் இருப்பதால் வாயில் கூடாதென்று சொல்லி, அவர் கையை நானே பிடித்து ஹேண்ட் ரப் தேய்த்துவிட்டேன். நெற்றியில் தொட்டு வைத்தார். வெளியே வந்ததும் மறுபடி தேய்க்கச் சொன்னேன். விதியை மட்டும் சொல்லி அவரைத் துரத்தியிருந்தால், நாங்கள் பார்க்காத நேரத்தில் செய்திருப்பார்.

கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அவருக்கு, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியது, தினமும் பார்த்து அளவை மாற்றினார்கள். பதினேழாம் நாள் குழாயை எடுத்தோம். ஏழெட்டு நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். ஆறாம் கட்டில் அம்மா பிழைக்கவில்லை. சர்க்கரை இருந்தது, சிறுநீரகமும் சரியில்லை; அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வேறு மருத்துவமனையிலிருந்து யார் வந்தாலும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்து, ரிப்போர்ட் வரும்வரை கோடிக் கட்டில்தான். போன மாதம் ஒருவருக்கு அதே கிருமி இருந்தது. பதினொரு நாள் இருந்தார். பக்கத்துக் கட்டில் ஸ்வாப்பை நானே லேபுக்கு எடுத்துப் போனேன். எதுவும் வளரவில்லை.