தாத்தாவின் பஞ்சாங்கப் பெட்டியும் நெப்டியூனும்

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் இதே பேச்சுதான். 2026 பிப்ரவரி 20ஆம் தேதி சனியும் நெப்டியூனும் சேருகின்றன, உலகமே புரளப் போகிறது என்று. நேற்று கும்பகோணத்து அத்தான் போன் செய்து, "ஏன் மாப்ளே, நீதான் இதெல்லாம் பார்ப்பியே, நெஜமாவே ஏதாவது நடக்குமா?" என்று கேட்டார். குரலில் பயம் தெரிந்தது. போனில் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஜோதிடத்தின் மேல் மரியாதை உண்டு. ஆடுதுறைப் பக்கம் பிறந்தவனுக்கு அது இல்லாமல் எப்படி இருக்கும்? சூரியனார் கோயில் சைக்கிள் மிதிக்கிற தூரம், அதற்கு அடுத்து சுக்கிரன் கோயில் இருக்கிற கஞ்சனூர். சித்திரை ஒன்றாம் தேதி எங்கள் ஊர்க் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். கிரகங்களில் இந்த வருஷம் ராஜா யார், மந்திரி யார், மழைக்கு அதிபதியான மேகாதிபதி யார், எத்தனை மரக்கால் மழை என்று வரிசையாகப் போகும். தாத்தா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, தன் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார். வருஷம் முடிகிறபோது அதே பக்கத்தில், எதிரே, நடந்ததை எழுதுவார். மழை பொய்த்திருந்தால் பொய்த்தது என்றே எழுதியிருக்கும். அந்தப் பஞ்சாங்கங்கள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இப்போது என்னிடம் இருக்கின்றன.

அதில் 1962 தை அமாவாசைப் பக்கத்தை மட்டும் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். எட்டுக் கிரகங்கள் மகரத்தில் கூடிய நேரம் அது, உலகம் அழியப் போகிறது என்று நாடு முழுக்க யாகம் நடந்தது. தாத்தா எழுதியிருப்பது: "ஒன்றும் இல்லை. உளுந்து தெளித்தாயிற்று."

யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய ஒன்பது கிரகக் கோயில்களில் இந்த மூன்றுக்கும் இடம் கிடையாது. நம் ஆட்கள் கண்ணால் பார்த்துக் கணித்தது சனி வரைக்கும்தான். யுரேனஸைக் கண்டுபிடித்தது 1781இல், நெப்டியூனை 1846இல், புளூட்டோவை 1930இல். கே.பி. முறை, அதாவது கிருஷ்ணமூர்த்தி பத்ததி என்ற ஜோதிட முறை படித்தவர்கள் இவற்றையும் கட்டத்தில் போடுகிறார்கள், சரி. ஆனால் வேகத்தைப் பாருங்கள். சனி சூரியனைச் சுற்றிவர இருபத்தொன்பதரை வருஷம், யுரேனஸ் 84, நெப்டியூன் கிட்டத்தட்ட 165, புளூட்டோ 248. சனியை ஒரு மனிதன் இரண்டு மூன்று தடவை சந்தித்துவிடுவான். யுரேனஸ் ஒரு சுற்று முடிப்பதற்குள் சதாபிஷேகமே ஆகிவிடும். நெப்டியூனின் முழுச் சுற்றை யாரும் பார்த்ததில்லை. இத்தனை மெதுவாகப் போகிற கிரகம் தனி ஆளுக்குப் பலன் சொல்லாது, தலைமுறைக்கும் நாடுகளுக்கும்தான் சொல்லும் என்பது இந்த வழியில் போகிறவர்களின் கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இதில் எனக்குப் பெரிய மதிப்பு ஆந்த்ரே பார்போ என்ற பிரெஞ்சு ஜோதிடர் மேல். சனியும் நெப்டியூனும் ஏறக்குறைய 36 வருஷத்துக்கு ஒரு முறை சேரும். 1917இல் சேர்ந்தபோது ரஷ்யப் புரட்சி. 1952-53இல் அடுத்த சேர்க்கை, 1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்தார். இதைப் பார்த்துவிட்டு, அடுத்தது 1989, அது சோவியத் கம்யூனிசத்துக்கு முக்கியமான வருஷமாக இருக்கும் என்று அவர் பல பத்தாண்டுகள் முன்பே எழுதி வைத்தார். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. 2011இல், 2020-21 வாக்கில் ஒரு பெருந்தொற்று வரலாம் என்றும் எழுதினார். அதைப் பார்க்க அவர் இல்லை, 2019இலேயே போய்விட்டார்.

இந்த இரண்டையும் எல்லோரும் சொல்கிறார்கள். அதே மனிதர் அதே மாதிரி கணக்குப் போட்டு 1980களின் தொடக்கத்தில் உலகப் போர் ஆபத்து என்றாரே, அது வரவில்லையே, அதை ஏன் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை? எனக்கு ஆதங்கமே இதில்தான்.

2020ஐயே எடுத்துக்கொள்வோம், நமக்குத் தெரிந்த வருஷம். ஜனவரி 12 அன்று சனியும் புளூட்டோவும் சேர்ந்தன. டிசம்பர் 21 அன்று குருவும் சனியும், ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியில். அன்று பொழுது சாய்ந்ததும் ஆற்றங்கரையில் நின்று மேற்கே பார்த்தேன், இரண்டும் ஒட்டினாற்போல இருந்தன, உடம்பு சிலிர்த்தது. ஆனால் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கப்படி அன்றைக்குக் குரு மகரத்தில், சனி இன்னும் தனுசில்! திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்தது டிசம்பர் 27. கண்ணுக்கு முன்னால் சேர்ந்திருப்பதை ஏடு வேறு வேறு வீட்டில் வைத்திருந்தது.

அது சார்வரி வருஷம். 1961 பிப்ரவரியில் இதே இருவரும் மகரத்தில் சேர்ந்ததும் சார்வரியில்தான். குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று, கிட்டத்தட்ட அறுபது வருஷம், நம் அறுபதாண்டு வட்டமே இதுதான் என்று நினைத்துப் பார்த்தால் முன்னோர்கள் மேல் மதிப்புக் கூடுகிறது. சார்வரிக்கான பழைய வெண்பா, நோய் வரும், மழை இல்லை, விளைச்சல் இல்லை என்கிறது. நோய் வந்தது, உண்மை. மழை? எட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வருஷம்தான் ஜூன் 12ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள், குறுவை தடங்கல் இல்லாமல் நடந்தது. நிவர், புரெவி என்று புயல்கள் வந்தன. அப்புறம் தை மாதம் பெய்யக் கூடாத மழை பெய்து, அறுக்கிற பதத்தில் இருந்த சம்பா தண்ணீரில் சாய்ந்து முளைவிட்டது. மழை இல்லாமல் நாங்கள் அழவில்லை, மழையால்தான் அழுதோம். தாத்தா இருந்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் இதை அப்படியே எழுதியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசம்பர் 26, மார்கழித் திருவாதிரை, பௌர்ணமி. நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடல் ஏறி வந்த காலை. நம் மாவட்டங்களுக்கு அதைவிடப் பெரிய துக்கம் என் ஆயுளில் இல்லை. அந்த நாளின் கட்டத்தை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். குரு கன்னியில், சனி கடகத்தில், யுரேனஸ் கும்பத்தில், நெப்டியூன் அதற்கு இருபது பாகை தள்ளி மகரத்தில், புளூட்டோ வேறெங்கோ. மெதுவான கிரகங்களில் எந்த இரண்டும் சேர்ந்து நிற்கவில்லை. 2020ஐச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர் இந்த நாளையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும், அந்தக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதனால் அத்தான், உங்களுக்கு என் பதில் இது. பிப்ரவரி 20ஐ நினைத்துப் பயப்பட வேண்டாம். அந்தச் சேர்க்கை, இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப்படி மீனத்தில், உத்திரட்டாதியில். வாக்கியப்படி சனி மீனத்துக்கு வருவதே மார்ச்சில்தான், அன்றைக்குத்தான் திருநள்ளாற்றில் கூட்டம். தேதியை வைத்து மிரட்டுகிறவர்களிடம், போன தடவை என்ன சொன்னீர்கள், எழுத்தில் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

நானும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டில், இன்றைய தேதி போட்டு, இடதுபக்கம் மூன்று வரி. 2026 முதல் 2028க்குள் கடல் வழிகளைப் பற்றி நாடுகளுக்குள் பெரிய தகராறு வரும். ஏதாவது ஒரு பெரிய நாட்டில், அசைக்க முடியாது என்று நினைத்த கட்சி உடையும். நம் டெல்டாவில் ஒரு வருஷமாவது உப்புத் தண்ணீர் வழக்கத்தைவிட உள்ளே ஏறும். வலதுபக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நோட்டு அந்தத் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. 2028 சித்திரைக்கு வாருங்கள், சேர்ந்து திறந்து பார்ப்போம்.