கண்ணாடி முதுகும் ரிச்சி தெரு உறையும்

ஒரு விளம்பர முகவர் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, நான் செல்வாக்குள்ள பதிவர் என்று சொன்னார். நான் மறுக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் மேல்தொட்டி நிரம்பி வழியும்போது மோட்டாரை நிறுத்தச் சொல்லி நான் கத்தினால் ஒரு கதவும் திறக்காது. என்னைப் படிப்பவர்களும் நீங்கள்தான்: பாதிப் பேர் என் மனைவியின் உறவு, மீதிப் பேர் ஒற்றுப்பிழை பார்ப்பவர்கள். இருந்தாலும், மேற்கு மாம்பலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்குச் செல்வாக்கு இருப்பதாக யாரோ நம்பும்போது அதைக் கெடுப்பானேன்?

ஸ்டைலுக்காகவே செய்த புது ஃபோன், சில நாள் வைத்துப் பார்த்து மனத்தில் பட்டதை எழுதினால் போதும் என்றார். மனத்தில் என்ன பட வேண்டும் என்பதையும் மறுநாளே பக்கம் பக்கமாக அனுப்பிவைத்தார். முதல் வாக்கியத்திலேயே 'ஸ்டைல்' வர வேண்டும். பின்பக்கக் கண்ணாடியில் வெளிச்சம் ஓடுவது படத்தில் தெரிய வேண்டும். விலையைப் பற்றிப் பேசக் கூடாது. பின்னணியில் 'நகரத்தின் துடிப்பு' இருக்க வேண்டும். ரங்கநாதன் தெருவில் நின்று அந்த ஃபோனை நீட்டினால் துடிப்பு நன்றாகவே கிடைக்கும். ஃபோன் கையில் இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

பெட்டி வந்தது. நிறத்தின் பெயர் ஏதோ கடல், அந்தி என்று இருந்தது. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ராமர் பச்சைதானே?" என்றார். விவகாரம் முடிந்தது. மெல்லிய ஃபோன், அழகான ஃபோன், கையில் நிற்காத ஃபோன். முதுகு உலோகமாக இருந்தால் கம்பியில்லாமல் சார்ஜ் ஏறாது, அதனால்தான் கண்ணாடி என்று என் பையன் விளக்கினான். எங்கள் தெருவில் கம்பியோடு சார்ஜ் ஏறுவதற்கே மின்வாரியத்தின் மனம் இரங்க வேண்டியிருக்கிறது. அதுவும் கத்திரி வெயில். வியர்த்த உள்ளங்கையும் கண்ணாடியும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண் அனுப்பிய பக்கங்களில் யாரும் எழுதவில்லை.

"என்னங்க, முதலில் இதற்கு ஓர் உறை வாங்கிப் போடுங்கள். உடைந்தால் யார் அழுவது?" என்றாள் மனைவி.

இன்னும் கடைக்கே வராத ஃபோன். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, கேபிள் சுருள்களையும் தள்ளுவண்டிகளையும் தாண்டி ஒரு கடையில் நீட்டினேன். கடைக்காரர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. டீயைக் கீழே வைக்காமலேயே இன்னொரு கையால் ஒரு கறுப்பு ரப்பர் உறையை எடுத்து மாட்டினார். கச்சிதம். 350 ரூபாய் என்றார், 250க்கு இறங்கினார். உலகமே அறியாத ரகசியம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், பாவம்.

உறை ஏறியதும் ராமர் பச்சை போனது, கண்ணாடி போனது, மெலிவும் போனது. செங்கல்லுக்குச் சட்டை போட்டதுபோல் இருந்தது. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. ஒரு மில்லிமீட்டரைக் குறைக்க எத்தனை பேர் எத்தனை இரவு கண்விழித்திருப்பார்கள்! வாங்குகிறவர் கடைப்படி இறங்குவதற்குள் அதற்கு ரப்பர் மாட்டிவிடுகிறார். சில நிறுவனங்களே பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்து அனுப்புகின்றன. அது மஞ்சளாகிற ரகம் என்பது வேறு கதை.

2003இல் வந்த நோக்கியா 1100ஐ ஸ்டைல் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத விசைப்பலகை, வழுக்காத பக்கங்கள், தலையில் டார்ச். அம்மாவின் 1100 இன்னும் பீரோவில், கொலுப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இந்தப் புது ஃபோனைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "டார்ச்சுக்கு எங்கே அழுத்த வேண்டும்?" காட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மின்சாரம் போனால் ஃபோன் அவருடையது. ஸ்டோர் ரூமில் பருப்பு டப்பா தேடுவதற்கு இதுவரை இவ்வளவு விலையுயர்ந்த விளக்கு எங்கள் வம்சத்தில் பயன்பட்டதில்லை.

எழுதி அனுப்பினேன். உறையைக் கழற்றி, மொட்டைமாடியில், சாயங்கால வெளிச்சத்தில் படமும் எடுத்தேன். திரும்பி வந்தது. பின்னணியில் நகரத்தின் துடிப்பு இல்லையாம், வடாம் காய்கிறதாம். டார்ச்சைப் பற்றிய பத்தியை எடுத்துவிட வேண்டுமாம். இன்னொன்று: இது விளம்பரம் என்று நான் தலைப்பிலேயே போட்டிருந்தேன், அதைக் கடைசிக்குத் தள்ள முடியுமா என்று கேட்டார் அந்தப் பெண். இந்திய விளம்பரத் தரநிலைகள் மன்றம் 2021இலேயே நெறிமுறை போட்டிருக்கிறது, காசு வாங்காவிட்டாலும் பொருள் வாங்கினால் சொல்லியாக வேண்டும், அதுவும் கண்ணில் படும் இடத்தில் என்றேன். "சார், நீங்கள் ரொம்ப விவரமானவர்" என்றார். குரலில் பாராட்டு இல்லை.

நடுவில் ஆடிட்டர் மைத்துனர் வந்தார். அவர் எதையும் சும்மா பார்க்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஃபோனைத் திருப்பிப் பார்த்து, "இதை நீங்களே வைத்துக்கொண்டால் வருமானம், மாப்பிள்ளை. இருபதாயிரத்துக்கு மேல் போனால் பத்து சதவீதம் வரிப் பிடித்தம். 2022 ஜூலையிலிருந்தே இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டால் ஒன்றுமில்லை" என்றார். கேசரியை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டே இதைச் சொன்னார்.

வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். நேற்று முகவர் நிறுவனத்து ஆள் ஒருவன் வந்து பெட்டி, கம்பி, சிம் எடுக்கும் ஊசி எல்லாவற்றையும் சரிபார்த்து எடுத்துக்கொண்டான். உறையை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, "இது பட்டியலில் இல்லை, சார்" என்றான்.

அது வேறு எந்த ஃபோனுக்கும் பொருந்தவில்லை. என்னுடையதில் மாட்டினால் கேமரா மறைகிறது, பையனுடையதில் பாதிதான் ஏறுகிறது. அம்மா கோபத்தில் 1100ஐ எடுத்து அதற்குள் போட்டுப் பார்த்தார். அது உள்ளே உருண்டது.

"அடுத்த தடவை யாராவது கூப்பிட்டால், இந்த உறைக்குப் பொருந்துகிற ஃபோனாகப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்" என்கிறாள் மனைவி. "250 ரூபாய் கொடுத்திருக்கிறோம்."