தோள் உறைந்த நாள்களும் இரண்டு சிகிச்சை அறைகளும்

என் இடது தோளில் வலி தொடங்கியபோது, அதை இரவில் தவறாகப் படுத்ததன் விளைவு என்றே நினைத்தேன். இரண்டு வாரங்களில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போயிற்று. ஆறு வாரங்களில் தலை சீவுவதற்கே வலது கையை மட்டும் நம்ப வேண்டியிருந்தது. கைக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலி மாத்திரையுடன் மூன்று மாதங்களைக் கடத்தினேன்.

எலும்பு மருத்துவர் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயில் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னபோது அது ஏறக்குறைய அசையவே இல்லை. அவரே பிடித்துத் திருப்பிப் பார்த்தும் அதே இடத்தில்தான் நின்றது. அந்தச் சோதனையைக் கொண்டே இது 'உறைந்த தோள்' என்றார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய உறை அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடும் நோய் இது. நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்டவர்களிடமும், சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் மிகுதியாகக் காணப்படுகிறது. எனக்கு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் பற்றிப் பலமுறை எச்சரிக்கப்பட்டிருந்த நான், தோளைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்டதில்லை.

மருந்துச் சீட்டின் கடைசி வரியில் 'பிசியோதெரபி, பத்து நாள்' என்று எழுதியிருந்தது. எதற்காக, எந்த இலக்கு நோக்கி, என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. நான் சென்ற முதல் இடத்தில் பதினைந்து நிமிடம் சூட்டு ஒத்தடம், பதினைந்து நிமிடம் மின்தூண்டல், பிறகு கப்பியில் கயிற்றை இழுப்பது என்று நாள்தோறும் ஒரே வரிசைதான் நடந்தது. கவனித்துக்கொள்பவர் மட்டும் நாளுக்கு நாள் மாறினார். கை எவ்வளவு உயர்கிறது என்று ஒருவரும் அளக்கவில்லை. எட்டாம் நாளன்று ஒருவர், 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிக் கையை வலுவாக மேலே தள்ளினார். அடுத்த இரண்டு இரவுகள் நான் உறங்கவில்லை. ஒன்பதாம் நாள் அங்குப் போகவில்லை. பிசியோதெரபி எனக்குப் பலன் தராது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவுக்கு விலையாக மேலும் நான்கு மாதங்களை இழந்தேன்.

இரண்டாவது இயன்முறை மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) சென்றது, தூங்க முடியாத களைப்பினால்தான். முதல் சந்திப்பில் அவர் எந்தக் கருவியையும் இயக்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களில் பாதியைக் கேள்விகளுக்கே செலவிட்டார். "இந்தக் கையால் மறுபடியும் எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை, அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. இரவில் தூங்க வேண்டும், தலைக்கு மேலுள்ள அலமாரியிலிருந்து பொருளை எடுக்க வேண்டும் என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார். பிறகு கோணமானியை வைத்து அளந்தார்: முன்பக்கமாக உயர்த்துவது 95 பாகை, வெளிப்பக்கச் சுழற்சி 10 பாகை. வலது தோளில் அவை 170, 70. அன்றாட வேலைகளைப் பற்றிய பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு தோள் மதிப்பீட்டில் 48-க்கு 17 புள்ளிகள் பெற்றேன்.

நோய்க்கு மூன்று கட்டங்கள் உண்டு என்பதையும் அவர் விளக்கினார். முதலில் வலி மிகும். பிறகு வலி குறைந்து இறுக்கம் நிலைக்கும். அதன்பின் மெல்ல இளகும். இதற்கு ஓர் ஆண்டோ, மூன்று ஆண்டுகளோகூட ஆகலாம். வலி மிகுந்த கட்டத்தில் வலுவாக இழுப்பது நன்மையைவிடத் தீமையையே செய்யக்கூடும் என்றார். 2004-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு 77 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, வலியின் எல்லைக்குள் மென்மையாக அசைத்தவர்கள், அந்த எல்லையை மீறிக் கடுமையாக நீட்டப்பட்டவர்களைவிட நன்றாகத் தேறியதைக் கண்டது என்பதைப் பின்னர் படித்தபோது, எட்டாம் நாளின் வலி எனக்கு விளங்கிற்று.

எலும்பு மருத்துவருடன் கலந்து பேசி, மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடச் செய்தார். ஊசிக்குப் பின் சில நாள்களுக்குச் சர்க்கரை அளவு ஏறும் என்று முன்கூட்டியே சொன்னதால், அடிக்கடி அளந்து பார்த்துச் சமாளிக்க முடிந்தது. வீட்டுக்கென அவர் கொடுத்தவை மூன்றே பயிற்சிகள்: முன்புறம் குனிந்து கையை ஊசல்போல் ஆட்டுவது, மல்லாந்து படுத்து ஒரு கோலின் உதவியால் முன்கையை வெளிப்பக்கம் தள்ளுவது, சுவரில் விரல்களை நடத்தி மேலேற்றுவது. நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். வலி பத்துக்கு நான்கைத் தாண்டக் கூடாது. தாண்டி இரவு வரை நீடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விதிதான் என்னைத் தொடர வைத்தது, ஏனென்றால் எந்த வலிக்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று முதல்முறையாகத் தெரிந்தது. எட்டு மாதங்களில் நான் அவரிடம் சென்றது பதினான்கு முறைதான். மீதி வேலை முழுவதும் என் வீட்டுச் சுவரில் நடந்தது.

மூன்றாம் மாதத்தில் கை 125 பாகை உயர்ந்தது. எட்டாம் மாதத்தில் 160; வெளிப்பக்கச் சுழற்சி 55; மதிப்பீடு 43. அலமாரியை நான் எட்டியது ஐந்தாம் மாதத்தில். இவை தானாகவே சரியாகியிருக்குமா என்று அவரிடம் நேரடியாகவே கேட்டேன். பலருக்குக் காலப்போக்கில் பெருமளவு சரியாகும், சிலருக்கு ஓரளவு இறுக்கம் தங்கிவிடும், உங்களுக்கு எது நேர்ந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். பிரிட்டனில் 503 பேரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஊசியுடன் கூடிய முறையான பிசியோதெரபி, மயக்க மருந்து கொடுத்துத் தோளைத் தளர்த்துதல், சிறு துளை வழியே மூட்டுக்குள் கருவியைச் செலுத்திச் செய்யும் அறுவை சிகிச்சை ஆகிய மூன்றில் எதுவும் மற்ற இரண்டையும் தெளிவாக விஞ்சவில்லை. கத்தியின்றித் தொடங்க வாய்ப்பு இருக்கும்போது அதிலிருந்து தொடங்கியது சரிதான் என்று அதைப் படித்தபின் உறுதியாக நம்புகிறேன்.

உலகில் ஏறத்தாழ 240 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய உடல்நிலை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் எத்தனை பேரின் சீட்டில் அந்த ஒற்றை வரி மட்டும் இருக்குமோ என்ற கவலை எனக்கு உண்டு. கட்டம் எது, அளவு என்ன, எப்போது மறுபடி அளக்க வேண்டும் என்னும் மூன்றையும் அந்த வரியோடு எழுதியிருந்தால், நான் ஒன்பதாம் நாள் விலகியிருக்க மாட்டேன். விலகியிருந்தாலும் வேறொருவரை உடனே தேடியிருப்பேன்.

இடது கை இன்னும் முதுகுக்குப் பின்னால் வலது கை செல்லும் உயரத்துக்குச் செல்வதில்லை. சென்ற மாதம் வலது தோளில் இரவு வலி தெரிந்தது. ஒரு தோளில் வந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் மறு தோளிலும் வரும் என்று அந்த இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார். கண்ணாடி முன் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தடையில்லாமல் திரும்பியது. ஆயினும் அந்த வாரமே போய் அளந்துகொண்டேன்: 68 பாகை. ஆறு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லி, தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.